டெல்ஃபின் வீட்டு விளையாட்டுப் பெட்டி

டெல்ஃபின் லுமாந்தாஸ் பதினெட்டு வயதில் குத்துச்சண்டை மேடை ஏறி, இருபத்தேழில் ஒரு காது செவிடாகி இறங்கியவன். அதன்பிறகு பிலிப்பைன்ஸின் ஜெனரல் சாண்டோஸ் துறைமுகத்தில் சூரை மீன் தூக்கினான். எண்பது கிலோ மீனைத் தோளில் போட்டுக்கொண்டு ஈரத் தரையில் ஓடுவான். விடியுமுன் போனால் உச்சிவெயிலில் வீடு திரும்பி, குளித்து, சோற்றைக் காடியில் ஊறிய மீனோடு தின்றுவிட்டுப் படுத்துவிடுவான்.

அவன் படுக்கும் அறைக்கு வெளியே ஆளுயர விளையாட்டுப் பெட்டி ஒன்று நின்றது. மனைவி மெர்லிண்டாவின் தம்பி எஸ்தோங் செய்து கொடுத்தது. எஸ்தோங்குக்கு அதே தெருவில் கணினி பழுது பார்க்கும் கடை. பலகைப் பெட்டிக்குள் பழைய கணினி. முகப்பில் இரண்டு பிடிகள், பொத்தான்கள், கையால் உருட்டும் ஒரு பந்து. அதில் இருந்தது ஒரே ஆட்டம், குத்துச்சண்டை. ஞாயிறு பூசை முடிந்ததும் தெருவே வந்து ஆடும். இரண்டு வருட வெற்றிப் பட்டியல் அதற்குள் இருந்தது. முதல் பெயர் டெல்ஃபின்.

மச்சான்கள் இருவருக்கும் ஒரே ஒரு தகராறுதான்.

“அத்தான், ஆடி முடிச்சா முழுசா அணைச்சிடுங்க. நம்ம ஊர்ல கரண்ட் எப்ப போகும்னு யாருக்குத் தெரியும்? அணைக்காம ஸ்லீப் மோடுல தூங்க விட்டு கரண்ட் போச்சுன்னா உள்ள இருக்கிறதெல்லாம் கெட்டுடும்.”

“போடா. அணைச்சா மறுபடி கிளம்ப ரெண்டு நிமிஷம். தூங்க வச்சா தொட்டதும் முழிக்குது. மதியம் நான் தூங்கலாம், அது தூங்கக் கூடாதா?”

ஒரு செவ்வாய்க்கிழமை டெல்ஃபின் எழுந்தபோது மெர்லிண்டாவின் கன்னம் வீங்கியிருந்தது. “அலமாரிக் கதவு இடிச்சிடுச்சு” என்றாள். அவனே ஐஸ்கட்டி வாங்கி வந்து ஒற்றினான்.

அடுத்த வாரம் பெட்டி செத்துப்போனது. தொட்டும் திரை முழிக்கவில்லை. குனிந்து பார்த்தான். பிளக் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தது. மறுபடி செருகினால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளைக்கோடு. காலையில் எஸ்தோங் அரிசி மூட்டை இறக்க வந்து போயிருந்தான். டெல்ஃபினுக்கு வேறு யோசனையே வரவில்லை. சட்டைகூடப் போடாமல் தெருவில் இறங்கினான்.

எஸ்தோங் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலோடு ஒரு மின்சுற்றுப் பலகையின் மேல் குனிந்திருந்தான். “நெனச்சத சாதிச்சிட்டல்ல?” என்று கேட்டுக்கொண்டே டெல்ஃபின் மேசையைத் தூக்கிக் கவிழ்த்தான்.

“என்ன அத்தான், என்ன ஆச்சு?”

பதிலாக விலாவில் ஒரு குத்து. மூச்சடைத்துச் சுருண்டவன், பயத்தில் கையிலிருந்த சூட்டுக்கோலை முன்னால் நீட்டினான். அது டெல்ஃபினின் முழங்கையில் பொசுக்கென்று பதிந்தது. தசை பொசுங்கிய வாடை மூக்கில் ஏறியதும் அவன் மேடைக்கே போய்விட்டான். இடது கையால் முகத்தைத் தட்டி நிமிர்த்தி, வலது கையைத் தாடையில் இறக்கினான். எலும்பு உடைந்தது கைமுட்டிக்கே தெரிந்தது. எஸ்தோங் கணினித் திரைகளின் மேல் விழுந்தான். கண்ணாடி, ரத்தம், இரண்டு பற்கள். டெல்ஃபின் விடவில்லை. கழுத்தைப் பிடித்துத் தூக்கி மறுபடி ஓங்கினான்.

“அவன் இல்ல! நான்தான் புடுங்கினேன்!”

மெர்லிண்டா வாசலில் வெறுங்காலோடு நின்றாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

“லாரி போனா தரை அதிருது, அந்தப் பந்து அசையுது, ஒன் பெட்டி முழிச்சிக்கிட்டு ஆட்டத்து மணிய அடிக்குது. மணி அடிச்சா நீ எந்திரிக்கிற. கண்ண மூடிக்கிட்டே குத்துற. மூணு தடவ வாங்கிட்டேன், டெல்ஃபின்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா அன்னிக்கும் யாரையாவது போய் அடிச்சிருப்ப. பாரு, இப்ப அடிச்சிட்டல்ல.”

அவன் கையைத் தளர்த்தினான். பிறகு அவனேதான் எஸ்தோங்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

தாடையைக் கம்பியால் கட்டினார்கள். ஆறு வாரம் குழல் வழியே கஞ்சி. அக்காவுக்காக எஸ்தோங் போலீசுக்குப் போகவில்லை. ஊர்த்தலைவர் முன் டெல்ஃபின் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். பேச முடியாத எஸ்தோங் ஒரு தாளில் எழுதி நீட்டினான்: பந்து அசைந்தால் முழிக்கும்படி ஒரு வசதி இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் போதும், பெட்டி தாராளமாகத் தூங்கலாம்.

“வேணாம்டா” என்றான் டெல்ஃபின். “முழுசா அணைச்சிடறேன்.”

எஸ்தோங் தேறி வந்து பெட்டியைச் சரிசெய்தான். பட்டியல் போனது போனதுதான். டெல்ஃபின் ஒவ்வொரு முறையும் முழுக்க அணைத்து, சுவர் சுவிட்சையும் தட்டிவிட்டே படுத்தான். மெர்லிண்டாவும் அதை நம்பி அருகில் படுத்தாள்.

பத்து நாள் போயிருக்கும். மதியம், தெருவில் ஐஸ்கிரீம் வண்டிக்காரன் கைமணியை ஆட்டிக்கொண்டு போனான். டெல்ஃபின் விழித்தபோது கைமுட்டியில் தோலில்லை, சுவர்ப்பலகை பிளந்திருந்தது. மெர்லிண்டா மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இம்முறை அவள் மேல் படவில்லை. வெளியே பெட்டி அணைந்தேதான் இருந்தது.

அவன் எழுந்தான். பாயைச் சுருட்டி, பின்பக்கச் சாமான் அறைக்குள் எடுத்துப் போனான்.

“மெர்லி, வெளியில தாழ்ப்பாள் போடு.”

“அடைச்சு வைக்கவா? நீ என்ன மிருகமா?”

“நான் எந்திரிச்சுக் குரல் கொடுக்குற வரைக்கும் தொறக்காத.”

அவள் கதவைச் சாத்தினாள். பிறகு தாழ்ப்பாளைப் போட்டாள்.