தாய்க்கோழிகளின் பசி

எங்கள் கோழிகள் விடியமுன்னரே கத்தத் தொடங்கிவிடும். சேவல் கூவுவதைச் சொல்லவில்லை, பேடுகள் பசியில் கத்துவதைச் சொல்கிறேன். கிடுகு வேய்ந்த அந்த நீளக் கொட்டிலில் அத்தனையும் சேர்ந்து கத்தினால் தெல்லிப்பழை ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்கும் என்று அயலவர்கள் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் இன்றைக்கும் எங்காவது கோழி கத்தினால் நான் கைவேலையை விட்டு எழும்பிவிடுவேன்.

அண்ணை வளர்த்தது சாதாரணக் கோழி இல்லை. இறைச்சிக்கென்று வளர்க்கும் புறொயிலர் குஞ்சுகளுடைய தாய்க்கோழிகள். குஞ்சுகளுக்கு வயிறு முட்டப் போட்டு, கொழுத்ததும் வெட்டிவிடலாம். தாய்க்கும் அதே அடங்காத பசிதான். ஆனால் அது உயிரோடு இருந்து முட்டையிட வேண்டும். கொழுத்த பேடு முட்டையிடாது, கொழுத்த சேவல் பேட்டின் மேல் ஏறாது. ஆகவே காலையில் ஒரே ஒரு தரம், தராசில் நிறுத்த தீன். கொட்டி முடிக்கும் முன்னரே அது தீர்ந்துவிடும். மிச்சப் பொழுதெல்லாம் வெறும் தொட்டியைக் கொத்திக்கொண்டு நிற்கும். பிறந்ததிலிருந்து சாகும்வரை பசி. இப்படியும் ஒரு சீவனை மனிசன் உண்டாக்குவானா என்று எனக்கு அப்போதே கோபம் வரும். அண்ணையிடம் சொன்னால், "நீ அதுகளைப் பாவம் பார். நாளைக்கு எங்களை ஆர் பாவம் பாக்கிறது?" என்பார்.

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நாங்கள் மயிலிட்டிக் கடற்கரை ஆட்கள். அண்ணை சின்ன வயதில் வள்ளம் கவிழ்ந்து, ஒரு நாள் முழுக்கப் பலகையைப் பிடித்தபடி கடலில் கிடந்தவர். அதற்குப் பிறகு அவர் கடலில் கால் நனைத்ததில்லை. படித்துக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர் ஆனார். பிறகு அந்த வேலையையும் உதறிவிட்டு, தெல்லிப்பழைச் செம்மண்ணில் இந்தக் கொட்டிலைப் போட்டார். முட்டைகள் ரயிலில் கொழும்புப் பக்கத்துக் குஞ்சுப் பண்ணை ஒன்றுக்குப் போகும். பொரிக்கிற முட்டையாக இருந்தால்தான் எடுப்பார்கள். இது சறுக்கினால் அவருக்கு மிச்சம் இருந்தது கடல் ஒன்றுதான். அந்தப் பயத்தில்தான் அவர் தராசைப் பிடித்தார்.

அண்ணையின் மனைவியை நான் மச்சாள் என்பேன், அவவும் என்னை அப்படித்தான் கூப்பிடுவா. அவவும் மயிலிட்டிதான். தாயில்லாத தன் தம்பியைத் தூக்கி வளர்த்தவ. அவன் வள்ளத்தில் தொழிலுக்குப் போய்வந்தான். மச்சாள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஆள் கடலில் நிற்கும்போது வீட்டில் ஒரு சீவனும் பசியோடு கிடக்கக்கூடாது. நாய், பூனை, காகம் எல்லாவற்றுக்கும் வைத்த பிறகுதான் பெண்கள் சோற்றுக் கோப்பையைத் தொடுவார்கள்.

முதல் மாதங்களில் முட்டை நன்றாகத்தான் வந்தது. சித்திரை வெயில் தொடங்க எல்லாம் குழம்பியது. பேடுகள் முட்டை அடைத்து முக்கி முக்கிச் செத்தன. மத்தியானத்தில் வாயைப் பிளந்து இளைத்துக்கொண்டு நின்றவை அப்படியே சரிந்தன. சேவல்கள் பாதம் வீங்கி மூலையில் குந்தியிருந்தன. குஞ்சுப் பண்ணையிலிருந்து ஒருவர் வந்து, "பாதிக்கு மேலை கூழ்முட்டை. இப்பிடியெண்டால் நாங்கள் வேறை இடம் பாக்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணை ஏதோ நோய் என்று நினைத்தார். கொட்டிலுக்குச் சுண்ணாம்பு அடித்தார், தண்ணீரில் மருந்து கலந்தார், செத்தவற்றைக் குழி வெட்டித் தாட்டார். ஒன்றும் சரிவரவில்லை.

மிருக வைத்தியர் வந்து, செத்த பேடு ஒன்றைக் கிணற்றடியில் வைத்து வெட்டினார். உள்ளே குடல் தெரியாத அளவுக்கு மஞ்சள் கொழுப்பு.

"நோய் ஒண்டுமில்லை. நீர் தீனைக் கூடப் போடுறீர்" என்றார்.

"நான் நிறுத்தெல்லோ போடுறன்!" என்று அண்ணை கத்தினார்.

குசினி வாசலில் நின்ற மச்சாள் ஒளிக்கவில்லை. "நான்தான் போட்டனான். தம்பி கடலுக்குப் போற நாளிலை பின்னேரம், நீங்கள் இல்லாத நேரமாப் பாத்துப் போடுறனான். அதுகள் அப்பிடிக் கத்தேக்கை நான் எப்பிடிச் சோறு தின்னுறது?"

அண்ணை ஏசவில்லை. "உன்ரை தம்பிக்காக என்னைக் கடலுக்கு அனுப்பப் போறியோ?" என்று மட்டும் கேட்டார். அன்றே தீன் அறைக்குப் பூட்டுப் போட்டார். திறப்பு அவருடைய இடுப்பில் இருந்தது.

கோழிகள் மெல்ல மெல்ல மெலிந்தன. முட்டை கூடியது. அண்ணை சிரிக்கத் தொடங்கினார். மச்சாள் மட்டும் தம்பி கடலில் நின்ற நாட்களில் பச்சைத் தண்ணியும் குடிக்காமல் கிடந்தா.

சோளகக் காற்று மூர்க்கமாக அடித்த ஒரு நாள், மற்ற வள்ளங்கள் எல்லாம் கரைக்கு வந்தும் அவனுடைய வள்ளம் வரவில்லை. மயிலிட்டிக்குப் போன அண்ணை மறுநாள் காலையில் ஒரு செய்தியும் இல்லாமல் திரும்பினார். மச்சாள் தீன் அறை வாசலில் தரையில் இருந்தா. கொட்டிலுக்குள் கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. அண்ணை இடுப்பிலிருந்து திறப்பை எடுத்தார். பிறகு பூட்டைத் திறந்து, சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், நிறுக்காமல் கொட்டினார். ஒரு சாக்கோடு நிற்கவில்லை. கோழிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்து தின்றன. தின்று முடிந்ததும் சத்தம் அடங்கியது. அந்தக் கொட்டில் அப்படி அமைதியாக இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பின்னேரம் ஆட்கள் வந்து சொன்னார்கள். எஞ்சின் பழுதாகி இழுபட்ட வள்ளத்தை அயலூர்க்காரர் கட்டி இழுத்து வந்துவிட்டார்களாம். தம்பி சுகம்.

தற்செயல் என்று அண்ணைக்குத் தெரியும். என்னிடமும் அப்படித்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அவரால் தராசைத் தூக்க முடியவில்லை. கோழிகள் மறுபடி கொழுத்தன, பண்ணைக்காரர் முட்டை எடுப்பதை நிறுத்தினார்கள். கொடிகாமத்து வியாபாரிகள் வந்து, எல்லாவற்றையும் கால் கட்டித் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அண்ணை பழைய கந்தோர் வாசலில் ஏறி இறங்கினார், கடைகளில் கணக்கு எழுதக் கேட்டுப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் மச்சாளின் தம்பியோடு வள்ளம் ஏறினார். எனக்கு மச்சாளின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வாடைக் காற்றில் வள்ளம் புரண்டது. தம்பி நீந்திக் கரையேறினான். அண்ணை வரவில்லை.

செத்தவீட்டில் மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே சொன்னா. "நாய்க்கு வைச்சனான், பூனைக்கு வைச்சனான், காகத்துக்கும் வைச்சனான். ஒரு சீவனும் பசியோடை இருக்கேல்லை, மச்சாள்."

கடலுக்குப் போகும் நாட்களில் அண்ணைக்குப் பயத்தில் சோறு இறங்காது. அன்றைக்கும் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுப் பசியோடுதான் போனார். அது அவவுக்கு நினைவு வந்துவிடக்கூடாதே என்று நான் அவவை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.