வழி தெரியாத துணை

எனக்குத் திசை தெரியாது. இதைச் சொன்னால் உடனே சிரித்துவிட்டு, சூரியன் உதிக்கிற பக்கம் கிழக்கு என்று பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். அது எனக்கும் தெரியும், விடியற்காலையில் மட்டும். அப்புறம் சூரியன் நகர்ந்துவிடுகிறதே, அதற்கு நான் என்ன செய்வது? கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடைக்குள் இந்த வாசலில் நுழைந்து அந்த வாசலில் வெளியே வந்தால் இது எந்த ஊர் என்று கேட்கிற ஆள் நான்.

நான் வாழ்க்கைப்பட்ட ஊரிலோ இடது வலது என்று யாரும் பேசுவதே கிடையாது. "அந்தச் சொம்பக் கொஞ்சம் மேக்கால தள்ளி வை" என்பார் மாமியார். நான் சொம்பைத் தூக்கிக்கொண்டு நடுவீட்டில் திருதிருவென்று நிற்பேன். சிரிக்காமல் வந்து சொம்பை வாங்கி வைப்பவள் அண்ணி ஒருத்திதான். அண்ணி என்றால் என் கணவரின் அக்கா; கல்யாணமாகியும் கணவரோடு எங்கள் வீட்டிலேயே இருந்தவள். கண்ணைக் கட்டிக் குளத்தில் இறக்கிவிட்டாலும் சரியாக வடகரையில் ஏறி வரக்கூடியவள்.

சுவருக்குச் சுவர் உதயசூரியன் வரைந்திருந்த காலம் அது. ஆட்சி மாறிவிட்டது, இனி எல்லாம் மாறும் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். வயலில் ஒன்றும் மாறவில்லை. தை அறுப்பு வந்ததும் கூலி நெல் கூடுதலாக வேண்டும் என்று ஆட்கள் கேட்டார்கள், மிராசுதாரர்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள், அடிதடி ஆனது. ஒரு பண்ணைக் காரியஸ்தரின் மண்டை உடைந்தது. குத்தகைக்குச் சாகுபடி செய்துகொண்டிருந்த அண்ணியின் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், கூலி ஆட்களோடு நின்றவர். வழக்கில் முதல் பெயர் அவருடையது. அன்று போனவர் வீடு திரும்பவில்லை.

அவரை அடித்து ஆற்றில் தள்ளிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதற்குப் பிறகு தெருப் பெண்கள் அண்ணியிடம் பேசும்போது முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கழுத்தைப் பார்த்தார்கள். தாலி இன்னும் எத்தனை நாளைக்கு என்கிற பார்வை. எனக்கு அவர்கள் கண்ணைப் பிடுங்கலாம் போலிருக்கும்.

ஒரு நாள் விடிவதற்குள் அண்ணி என்னை எழுப்பினாள். "ஒரு ஊருக்குப் போவணும். தொணைக்கு வா."

"நானா?" என்றேன். அந்த வட்டாரத்தில் மாட்டுக்குக்கூட என்னைவிட வழி தெரியும்.

"நீதான்."

முதல் பஸ் பாதியில் நின்றுவிட்டது. சாலையில் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், இனி வண்டி போகாது என்றார் கண்டக்டர். இறங்கி வரப்பில் நடந்தோம். பனி மார்பு உயரத்துக்கு நின்றது. முன்னால் போன அண்ணியின் தலையும் தோளும் மட்டும் மிதந்துகொண்டு போயின. இரண்டு பக்கமும் முற்றிய நெல், அறுக்க ஆளில்லாமல் சாய்ந்து கிடந்தது. மணி உதிர்கிற சத்தம்கூடக் கேட்டது. அறுப்புக் காலத்தில் வயல் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு மதகில் ஒருவர் உட்கார்ந்து பல் குச்சியை மென்றுகொண்டிருந்தார். அண்ணி ஊரின் பெயரைச் சொல்லி வழி கேட்டாள்.

"அப்படி ஒரு ஊரே இந்தப் பக்கம் இல்லீங்களே" என்றார் அவர். கண் என் செருப்பின் மேலேயே இருந்தது.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அண்ணி நடந்தாள்.

இல்லாத ஊர் கொஞ்ச நேரத்தில் வந்தது. ஒரே தெரு, இருபக்கமும் கூரை வீடுகள். ஒரு மனிதர் இல்லை. வாசல் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. பூவரச மரத்தில் கட்டிய தூளி ஆடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன், உள்ளே பிள்ளை இல்லை. அந்நியர் இரண்டு பேர் தெருவில் நடக்கிறோம், ஒரு நாய் குரைக்கவில்லை. அது ஏன் என்று யோசிக்கும்போதே ஒரு கீற்றுத் தட்டியின் அடியில் நாய் ஒன்றின் முகம் தெரிந்தது. அதன் வாயை ஒரு கை இறுகப் பொத்தியிருந்தது. நாயின் கண் மட்டும் எங்களோடு திரும்பியது.

அண்ணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அவள் தெருவைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, மூங்கில் கொல்லையைச் சுற்றி வேகமாக நடந்தாள். பனி விலகி வெயில் வந்தது. மறுபடி அதே உலை, அதே பூவரசு. அதே தெருவுக்கு வந்து நின்றோம்.

அண்ணிக்கே வழி தப்பிவிட்டது என்று நினைத்தபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. நான் தொலைந்துபோவது அன்றாடம் நடப்பது. அண்ணி தொலைந்தால் அப்புறம் உலகத்தில் எதை நம்புவது?

அவள் அந்தத் தட்டிக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். வெறும் தெருவில், ஊருக்கே கேட்கிற குரலில் பேச ஆரம்பித்தாள்.

"செவலப் பசு கன்னு போட்டுருச்சு. கெடேரி. அத்தைக்குக் கால் வீக்கம் வத்திருச்சு, நடக்கறாங்க. நம்ம வயல நாங்களே அறுத்துட்டோம், நெல்லு வீடு வந்து சேந்துருச்சு. என் கழுத்துல இருக்கறதுல யாரும் கை வைக்கல. வைக்கவும் விட மாட்டேன்."

"யாருகிட்ட அண்ணி பேசுறீங்க?" என்றேன்.

"ஒங்கிட்டதான்."

"இதெல்லாம் எனக்குத்தான் தெரியுமே!"

அண்ணி எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டாள். "வா, போவலாம்."

பஸ் சாலை கண்ணுக்குத் தெரிந்த பிறகு, "அந்தக் கையப் பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன்."

"ஆள்காட்டி வெரல்ல நகம் இருக்காது. கதிரு அறுக்கறப்ப கருக்கருவா பட்டுப் போனது. நாந்தான் மஞ்சள் வச்சுக் கட்டுனேன்."

நான் நின்றுவிட்டேன். "அப்ப அது அண்ணனா? அண்ணன் ஏன் வெளிய வரல?"

"நமக்குப் பின்னால யாராச்சும் வராங்களான்னு பாக்கத்தான் ஒரு சுத்து சுத்துனேன். யாரும் வரல. இருந்தாலும் அவங்க வெளிய வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத்தான் ஒக்காந்திருந்தேன். வந்திருந்தா நான் விட்டுட்டு வந்திருக்க மாட்டேன்."

சில நாள் கழித்துப் போலீஸ் ஜீப் வாசலில் வந்து நின்றது. இரண்டு பெண்கள் அந்தப் பக்கம் நடமாடியதாகத் தகவலாம். எந்த ஊர் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. அண்ணி கொஞ்சமும் அசரவில்லை.

"சோசியம் பாக்கப் போனோங்க. நான் அழுதுகிட்டே போனேன், வழியெல்லாம் பாக்கல. இவதான் கூட்டிட்டுப் போனா. இவளையே கேட்டுக்குங்க."

என்னை ஏன் துணைக்குக் கூப்பிட்டாள் என்பது அப்போதுதான் உறைத்தது. கோபத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கணவர் இன்ஸ்பெக்டரிடம், "இவளுக்குப் பெரிய கோயிலுக்கே வழி தெரியாதுங்க" என்று மன்றாடிப் பார்த்தார். "ஜீப்புல ஏத்துனா தானா தெரியும்" என்றார் இன்ஸ்பெக்டர். கணவரும் கூட ஏறிக்கொண்டார்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். போலீசைத் தவறான வழியில் அனுப்ப வேண்டும். அதற்குச் சரியான வழி எது என்று தெரிந்திருக்க வேண்டுமே! நான் பொய் என்று நினைத்துக் கையைக் காட்டுகிற பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தால்? இதற்குள் ஆயுதப் போலீஸ் காவல் போட்டு அறுப்பு முடிந்து, வயலெல்லாம் வெறும் நெல் தாளாகக் கிடந்தது. எதுவும் அன்று பார்த்தது போல இல்லை. கடைசியில் ஒரு கணக்குப் போட்டேன். எனக்குச் சரி என்று படுவது ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. ஆகவே மனசு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதையே காட்டுவது. அதைவிடப் பத்திரமான பொய் கிடையாது.

முதல் ஊர் எனக்குத் தெரியாத ஊர். இரண்டாவதும் அப்படியே. எனக்குத் தெம்பு வந்தது. வெயில் சாய்கிற நேரம் ஒரு வாய்க்கால் பாலத்தில் பாதை பிரிந்தது. மனசு ஒரு பக்கம் இழுத்தது. காட்டினேன்.

ஜீப் நின்ற இடத்தில் பூவரச மரம் இருந்தது. தூளி இருந்தது.

இந்தத் தடவை தெரு முழுக்க ஆட்கள். யாரும் ஓடவில்லை, யாரும் போலீசைப் பார்க்கவில்லை. புடைத்துக்கொண்டிருந்தவள், தலை வாரிக்கொண்டிருந்தவள், கிழவர்கள், குழந்தைகள் என்று அத்தனை பேரும் அசையாமல் என்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முகத்தில்கூடக் கெஞ்சல் இல்லை. நான் என்ன சொல்வேன் என்று காத்திருந்தார்கள். அந்தக் கண்களை நான் கனவில் இன்றும் பார்க்கிறேன்.

"இதானா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்லீங்க." குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "அங்க கோயில் ஒண்ணு இருந்துதுங்க. கிழக்கால பாத்த கோயில்."

"ஒனக்குக் கிழக்கு எதும்மா?"

எதிரே சிவந்து இறங்கிக்கொண்டிருந்த சூரியனைக் காட்டினேன். "அதுதாங்க. சூரியன் இருக்கிற பக்கம்."

ஜீப்பில் இருந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் தம் தலைவிதியை நொந்துகொண்டு வண்டியைத் திருப்பச் சொன்னார். ஊர் பின்னால் போகும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சித்திரையில் அண்ணன் வக்கீலோடு போய்க் கோர்ட்டில் ஆஜராகி, வழக்கு இழுத்து, ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தார். அது இருக்கட்டும். ஜீப் எங்களை வீட்டில் இறக்கிவிட்ட அன்று இரவு நான் நேரே அடுக்களைக்குப் போனேன். அண்ணி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அவளைத் திட்டுவதற்கு வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் வரவில்லை.

"அந்த ஊருக்கே கூட்டிட்டுப் போயிட்டேன் அண்ணி" என்றேன்.

பானை அவள் கையிலிருந்து நழுவியது. கஞ்சி தரையெல்லாம் ஓடியது. எதிரே இருந்த சுவரைப் பிடிக்கப் போன கை வெறுங்காற்றில் துழாவியது.

"இது இல்லைன்னு சொல்லிட்டேன். திரும்பிட்டாங்க. யாரும் இறங்கல."

அண்ணி கஞ்சியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் அழாதவள் வாய்விட்டு அழுதாள். என் கால் இரண்டையும் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ஒன்னால முடியாதுன்னு நம்பித்தானடி ஒன்ன அனுப்புனேன்" என்றாள்.