அச்சக்காரரின் காது

அச்சகத்தில் அவருக்கு "ஸ்பீக்கர்" என்று பெயர். வருடக்கணக்கில் மெஷின் இரைச்சலில் நின்று காது மந்தமாகிவிட்டது. பக்கத்தில் இருப்பவரிடம்கூடக் கத்தித்தான் பேசுவார்.

"தொண்ட கிழியக் கத்த என்னால முடியாது. காதுக்கு மெஷின் வாங்கி மாட்டுங்க. இல்லன்னா எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்," என்றாள் மனைவி. துணிக்கடையில் பில் போட்டுவிட்டு வருபவள், சொன்னால் செய்வாள். அவருக்கோ அவள் இல்லாத வீட்டை நினைக்கவே பயம். மறுவாரமே வாங்கினார்.

போனில் வரும் குரலை நேராகக் காதுக்கே அனுப்பும் கருவி அது. அவரிடம் இருந்தது பழைய பட்டன் போன். அதனால் கடைக்காரர் அதை இவர் மனைவியின் போனோடு இணைத்துச் சரிபார்த்துக் கொடுத்தார். அந்த இணைப்பை நீக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் வீட்டு வாசலில் செருப்போடு கருவியையும் கழற்றி அணைத்துவிடுவார். நாள் முழுக்க இரைச்சலில் கிடந்த தலை அது.

"ஊருக்கெல்லாம் காது குடுக்குறீங்க. எனக்கு மட்டும்தான் இல்ல," என்று ஒருநாள் அவள் சொன்னது அவர் மனதில் தங்கிவிட்டது. அதன் பிறகு அவள் அதைப் பற்றிப் பேச்செடுக்காததும் அவருக்கு உறுத்தியது. ஒரு மாலை, சொல்லாமல் கொள்ளாமல், கழற்றாமலே சோபாவில் உட்கார்ந்தார். அவளாகக் கண்டுபிடிக்கட்டும், சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார்.

சமையலறையில் அவள் போன் ஒலித்தது. எடுத்து, "ஹலோ" என்றாள்.

"என்ன அண்ணி, அண்ணன் காதக் கழட்டி வச்சாச்சா?"

கேள்வி அவர் காதுக்குள் கேட்டது. அச்சகத்தில் புத்தகம் தைக்கும் பைண்டரின் குரல். தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன்.

"ஹலோ? ஒண்ணுமே கேக்கலையே," என்றாள் அவள்.

"நேத்து கட்டியிருந்த புடவையிலயே இரு. வர்றேன்."

அவள் போனை உதறிக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். "ஏங்க, இதக் கொஞ்சம் பாருங்களேன்" என்று கத்தியவள், அவர் காதில் மினுங்கிய சின்ன வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு நின்றாள். அழைப்பைத் துண்டித்தாள்.

"கேட்டுச்சா?"

"ம்."

அவள் எதிரே உட்கார்ந்தாள். கத்தவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு அவளுடைய இயல்பான குரலை அன்றுதான் அவர் கேட்டார். கொஞ்சம் கரகரப்பான, அழகான குரல்.

"நல்லதாப் போச்சு. எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டே இருந்தேன்."

"உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவியா?"

"நான் ஏன் போகணும்? கடை இங்க பக்கத்துல. பைண்டருக்கும் பொண்டாட்டி, புள்ளைங்க இருக்காங்க, வீட்ட விட்டு வரமாட்டார்." கொஞ்சம் யோசித்தாள். "நீங்க பழையபடி கழட்டி வச்சிடுங்க. நமக்குள்ள சண்டையே வராது."

"இல்லம்மா. போட்டே இருக்கேன்," என்றார் அவர். இவ்வளவு நாள் கேட்காமல் இருந்ததுதான் தன் தப்பு என்று அவருக்குப் பட்டது. கேட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவளே வெட்கப்பட்டு விட்டுவிடுவாள் என்று நம்பினார்.

"உங்க இஷ்டம்," என்றாள். கருவியின் இணைப்பைத் தானே நீக்கிவிட்டு, அவர் பக்கத்திலேயே சாய்ந்துகொண்டு பைண்டரைத் திரும்ப அழைத்தாள்.

"இல்ல இல்ல, வாங்க. அவருக்குத் தெரியும்."