நெட்டை அளவுக்கு வைத்த நாற்காலி

டயர் கடையில் அவரை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறடிக்கு மேல் இரண்டு விரற்கடை. பகலெல்லாம் லாரி டயரோடு மல்லுக்கட்டு. புதனும் ஞாயிறும் சாயங்காலம் மட்டும் அவரே முதலாளி. மூன்று மசாஜ் நாற்காலிகளுக்கு முதலாளி. ஒன்று பஸ் நிலையக் கூடத்தில், ஒன்று ஆஸ்பத்திரி வராண்டாவில், ஒன்று துணி துவைக்கும் மெஷின் கடையில். காசைப் போட்டால் ஐந்து நிமிஷம் முதுகையும் காலையும் பிடித்துவிடும். பிறகு கட்டையாகக் கிடக்கும்.

மூன்றும் பழசு. டயர் கடையில் விரல் நசுங்கியதற்குக் கிடைத்த நஷ்டஈட்டில் வாங்கியவை. வாங்கிய அன்றுதான் சம்சாரம் அந்தச் சொல்லைச் சொன்னாள்.

“இருபத்தெட்டு வருஷத்துல என் காலை ஒரு நாள் பிடிச்சு விட்டிருப்பீங்களா? ஊரான் முதுகைப் பிடிச்சுவிடக் கிளம்பிட்டாரு.”

நெட்டை வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய நேரத்தில் பூட்டிக்கொள்வதும் பூட்ட வேண்டிய நேரத்தில் திறப்பதும் அவர் பிறவிக் கோணல். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனாள், மூன்று மாசம் என்றாள். பேரன் இப்போது ஓடுகிறான். இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. போனில் கேட்டால், “பாப்பா வேலைக்குப் போயிடுறா, பையனை யாரு பார்ப்பா?” என்பாள். நியாயம்தான். நியாயத்தோடு யார் சண்டை போடுவது?

வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர் புழங்குகிறது. மற்றதெல்லாம் அலமாரியில் கவிழ்த்தபடி தூசி குடிக்கிறது. டயர் கடையில் பேச்சென்றால் “பிடி”, “விடு”, “தூக்கு”. வீட்டில் அதுவும் கிடையாது.

அதனால் நாற்காலி பார்க்கப் போகும் நாளை அவர் தள்ளிப்போட்டதே இல்லை. முதுகுப் பலகையைக் கழற்றி கிரீஸ் வைப்பார். உறையை ஈரத்துணியால் துடைப்பார். இடுக்கில் கையை விட்டுச் சீப்பு, பேனா மூடி, ஒற்றைக் கம்மல் என்று சிக்கியதை எடுப்பார். கடைசியில் தன் காசையே போட்டு உட்கார்ந்து சோதிப்பார். சோதனைதான். ஆனால் அந்த மனுஷன் தோளைத் தொட உலகத்தில் வேறு ஆள் இல்லை.

அந்த நாற்காலிகளில் ஒரு குறை. உறைக்கு அடியில் இரண்டு உருளைகள் மேலே ஏறி, உட்கார்ந்தவர் தோள் எங்கே என்று தேடி, அங்கே நின்று பிசைய வேண்டும். தேடுகிற பாகம் மூன்றிலும் செத்துப்போயிற்று. புதுசு எங்கும் கிடைக்கவில்லை. நெட்டை, உருளை ஏறும் கம்பியில் ஒரு இரும்புப் பட்டையை வைத்து போல்ட்டை முறுக்கிவிட்டார். இதற்கு மேல் ஏறாதே என்று கட்டளை. எந்த உயரத்தில் வைப்பது? தானே உட்கார்ந்து பார்த்து வைத்தார். அச்சாகப் பொருந்தியது.

பஸ் நிலையத்து டிக்கெட் கவுன்ட்டர் அம்மா ஒரு தடவை உட்கார்ந்துவிட்டுத் தலையைத் தடவிக்கொண்டு வந்தாள்.

“அண்ணே, உங்க நாற்காலி மண்டையில குட்டுது. எங்க கணக்கு வாத்தியார் நெனப்பு வருது.”

“நிமிந்து உக்காரும்மா.”

“இதுக்கு மேல நிமிந்தா எந்திரிச்சுதான் நிக்கணும்.”

நெட்டை அதைக் காதில் வாங்கவில்லை.

போன மாசம் சம்சாரம் போன் பண்ணினாள். பேரனை மாப்பிள்ளையின் அம்மா பார்த்துக்கொள்கிறாராம். இவள் தங்கச்சி வீட்டுக்குப் போகிறாளாம். “உங்க பஸ் நிலையத்துலதான் வண்டி மாறணும். நாப்பது நிமிஷம் இருக்கு.”

“வீட்டுக்கு?”

“நாப்பது நிமிஷத்துல வீட்டுக்கு வந்து எதைப் பார்க்க?”

சொல்ல வேண்டியது ஒரே எழுத்து: வா. டயர் கழற்றும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். டயரிடம் நன்றாகத்தான் வந்தது.

அவள் வரும் நாளுக்கு லீவு போட்டார். பஸ் நிலையத்து நாற்காலியை மூன்று தடவை துடைத்து, தலை சாய்க்கும் இடத்தில் புதுத் துண்டு விரித்தார். பஸ் வந்தது. ஒரு பையோடு இறங்கினாள்.

“இளைச்சுட்டீங்க.”

“நீயும்தான்.”

“நானா? ரவிக்கை எல்லாம் பிரிச்சுத் தச்சாச்சு. கண்ணு போயிடுச்சா உங்களுக்கு?”

பையை வாங்கிக்கொண்டார். நாற்காலியைக் காட்டினார். “உக்காரு.”

“இதுலயா? எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும். உன் காலையும் பிடிச்சுவிடும்.”

அவள் ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. நெட்டை காசைப் போட்டார். உருளைகள் முனகிக்கொண்டு ஏறின. இடுப்பு தாண்டி, தோள் தாண்டி, கழுத்து தாண்டி நேரே பின்மண்டைக்குப் போய், டொக்.

“ஐயோ!”

டொக். டொக். நெட்டை ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். கவுன்ட்டர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சம்சாரமும் பின்மண்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“உங்க அளவுக்கு வச்சிருக்கீங்களா?”

“தோள் தேடுற பாகம் போயிடுச்சு. அதான்...”

“மூணும் இப்படித்தானா?”

“மூணும்.”

“வேற யாராவது உக்காருவாங்கன்னு தோணவே இல்லையா?”

அப்போது சொல்லியிருக்கலாம் அந்த ஒரே எழுத்தை. நெட்டை பட்டையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். போல்ட் என்ன அளவு, கம்பி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எல்லாம். நிறுத்த முடியவில்லை. அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். அடுத்த பஸ் வந்து நின்றது.

ஜன்னலோரம் உட்கார்ந்தவளிடம், “தண்ணி வச்சிருக்கியா?” என்றார்.

“இருக்கு. இருபது நாள் கழிச்சு இதே வழியாத்தான் திரும்புவேன்.”

“அன்னைக்கும் நாப்பது நிமிஷமா?”

“பார்க்கலாம்,” என்றாள். பஸ் போய்விட்டது.

நெட்டை திரும்பி வந்து முதுகுப் பலகையைக் கழற்றினார். அவள் தலை இடித்த இடத்தைத் துண்டு மடிப்பில் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒரு சாணும் நாலு விரலும் கீழே அளந்து, பட்டையை அங்கே இறக்கி முறுக்கினார். ஞாயிற்றுக்கிழமை மற்ற இரண்டையும் அப்படியே இறக்கினார்.

“இப்பதான் அண்ணே மனுஷ நாற்காலி,” என்றாள் கவுன்ட்டர் அம்மா. உயரமான கண்டக்டர் ஒருவர் மட்டும், தோளுக்கே வரவில்லை என்று சத்தம் போட்டார். “குனிஞ்சு உக்காருங்க,” என்றார் நெட்டை.

பதினோரு நாள் ஆகிறது. புதனும் ஞாயிறும் போய்த் துடைக்கிறார், கிரீஸ் வைக்கிறார், தன் காசைப் போட்டு உட்காருகிறார். உருளைகள் அவர் நடுமுதுகு வரை ஏறி, அங்கேயே பிசைந்துவிட்டு இறங்கிவிடுகின்றன. தோள் சும்மா இருக்கிறது. காசு தீரும்வரை எழுந்திருப்பதில்லை.