மஹ்பூபியின் கட்டியும் மக்பூல் பாயின் மண்வெட்டியும்

மஹ்பூபிக்கு வாய் நீளம் என்று மேல்விஷாரத்தில் சொல்லாதவர் இல்லை. மார்பில் கட்டி வந்தபோது மட்டும் அந்த வாய் அடைத்துப்போயிற்று. அவளுடைய அக்கா வஹீதா இப்படித்தான் ஒரு கட்டியை வெட்கத்தில் மறைத்து மறைத்தே செத்துப்போனாள். இவளுக்கோ இருபத்து மூன்று வயது, இடுப்பில் கைக்குழந்தை. பயம் தாங்காமல் ஒருநாள் கணவரிடம் சொல்லிவிட்டாள்.

மக்பூல் அகமது தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. வேலையாட்களிடம் புலி, பெண்டாட்டியிடம் பூனை. மறுநாளே வண்டி பிடித்து வேலூருக்கு, பெண் டாக்டர்கள் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். 1934ஆம் வருஷம் அது.

டாக்டர் சம்பூர்ணம் தொட்டுப் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார். கட்டியை எடுத்து, சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் புற்றா இல்லையா என்று தெரியும். புற்றென்றால் மார்பையே எடுக்க வேண்டியிருக்கும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முடிந்த கையோடு மக்பூல் பாய் ஒரு காரியம் செய்தார். உடம்பிலிருந்து எடுத்ததை மண்ணில் அடக்கம் செய்வது அவர்கள் வழக்கம். அதனால் நர்ஸிடம் பணிவாகக் கேட்டார். சோதனை முடிந்துவிட்டது என்று நினைத்து அந்தப் புண்ணியவதியும், கெடாமலிருக்க மருந்தில் போட்டு வைத்திருந்த புட்டியோடு தூக்கிக் கொடுத்துவிட்டாள். ஊருக்குப் போய், இறந்தவர்களைப் புதைக்கும் மையவாடியில் அடக்கம் செய்துவிட்டு, நிம்மதியாக மறுநாள் காலை திரும்பி வந்தார்.

"கட்டி எங்க பாய்?" என்றார் டாக்டர்.

"மண்ணுக்குள்ள வெச்சிட்டேன் டாக்டரம்மா."

"ஐயோ! அதை நாங்க இன்னும் பார்க்கவே இல்லையே! போங்க, தோண்டி எடுத்துட்டு வாங்க!"

உள்ளே படுத்திருந்த மஹ்பூபி காதில் இது விழுந்தது. மனுஷன் வெள்ளை மனதோடு என் விதியையே புதைத்துவிட்டாரே என்று அழுதாள்.

பட்டப்பகலில், ஊரே வேடிக்கை பார்க்க, மையவாடியில் மக்பூல் பாய் மண்வெட்டி பிடித்தார். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி மாளவில்லை. நல்ல வேளை, புட்டி அப்படியே இருந்தது. துணியில் சுற்றிப் புதைக்கத்தான் மூடியைத் திறந்தாராம். தோல் ஷாப்பு நாற்றத்திலேயே வளர்ந்தவருக்கும் அந்த மருந்து நெடி கண்ணைக் கரித்ததாம். பயந்துபோய் மறுபடி மூடி, புட்டியோடு புதைத்திருக்கிறார். அந்தப் பயத்துக்கு ஆயிரம் சலாம்!

சில நாள் கழித்து டாக்டர் மஹ்பூபியை மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார வைத்தார். கண்ணை வைத்தவள் ஊதாவும் ரோஜாவுமாகக் கோலம் கோலமாய் எதையோ பார்த்தாள்.

"இது புற்று இல்லம்மா. வெறும் நார்க்கட்டி. இனிமே உனக்கு ஒண்ணும் இல்ல."

"இதுக்கா இவ்ளோ நாளு செத்து செத்துப் பொழச்சேன்?" என்றவள் சிரித்தாள், உடனே அழுதாள். அக்காவை நினைத்துக்கொண்டாள்.

பெண்கள் பகுதிக்குள் ஆண்களை விடமாட்டார்கள். வாசல் மரத்தடியில் நின்றிருந்த மக்பூல் பாயிடம் நேராகப் போய், புர்காவுக்குள்ளிருந்து கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு பேர் பார்க்க அந்தக் காலத்தில் யாரும் செய்யாத காரியம்.

"இன்னா இது மஹ்பூபி, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நான் உசுரோட இருக்கப் போறேங்க."

வண்டியில் ஏறி உட்காரும்வரை அவள் அந்தக் கையை விடவில்லை.