கோணப் பனையும் மினாராவும்

குழந்தைவேலு பிறந்தது தொண்டிப் பக்கத்துக் கடற்கரையில். வாழ்க்கைப்பட்டது புதுவயல் அரிசி மில்லுக்கு. ஆம்பளை வாழ்க்கைப்படுவதா என்று சிரிக்காதீர்கள், நடந்தது அதுதான். தன் அப்பாவைக் கடலுக்குக் கொடுத்த அகிலாண்டேஸ்வரி, "கடலுக்குப் போகாதவனுக்குத்தான் கழுத்த நீட்டுவேன்" என்றாள். இவரும் துடுப்பைப் போட்டுவிட்டு மூட்டை தூக்க வந்துவிட்டார்.

தலை நரைத்தும் கடல் அவர் வாயை விட்டுப் போகவில்லை. சோற்றில் கை வைத்தால் போதும், ஆரம்பித்துவிடுவார். "கோணப் பனைக்குப் பின்னால பள்ளிவாசல் மினாரா நேரா நிக்கணும் புள்ள. அந்த நேருலதான் ஆழம், விலகுனா அடியில பாறை. அடையாளம் தப்புச்சுன்னா நங்கூரத்தப் போட்டுட்டு, ஊர்ப் படகு வர்ற வரைக்கும் உக்காந்துரணும்."

"கொழம்பு ஆறுது, தின்னுங்க" என்பாள். அந்தப் பேச்சே அவளுக்கு ஆகாது.

இந்த மாசியில் அவர் பிறந்த ஊரில் இருக்கும் அண்ணன் மகன் பெத்தன் வீட்டுக்கு விருந்துக்குப் போனார்கள். ஒரே ஒரு தடவை வள்ளத்தில் ஏற வேண்டும் என்று மனுஷன் கெஞ்சிய கெஞ்சலில் அவள் மனசு இளகியது. "செத்தா ரெண்டு பேருமாச் சாவோம். நானும் வாரேன்" என்று ஏறி உட்கார்ந்தாள்.

"சித்தப்பா, வலைய எடுத்துட்டு நானும் வந்துர்றேன். சேந்தே கரைக்குப் போவோம்" என்றான், தன் படகில் கிளம்பிய பெத்தன்.

"எனக்கே வழி காட்டுறியாடா?"

அடேயப்பா, துடுப்பைப் பிடித்ததும் அவருக்கு என்ன சந்தோஷம்! முட்டி வலி போன இடம் தெரியவில்லை. திரும்பும்போது காற்று ஏறியது. தூரத்தில் பனை தெரிந்தது, மினாராவும் தெரிந்தது. இரண்டையும் நேராக்கி, வேகமாகக் கரையைப் பார்த்துத் துடுப்பு வலித்தார்.

"நிப்பாட்டுங்க! நீங்க சொன்னது கோணப் பனைல்ல? இது நெட்டுக்குத்தா நிக்கிதே!"

அவர் துடுப்பை நிறுத்தினார். கழியை விட்டுப் பார்த்தார். முழங்கால் ஆழத்தில் பாறை இடித்தது. கோணப் பனை எந்தப் புயலில் விழுந்ததோ, இது வேறு மரம். இன்னும் நாலு தடவை துடுப்பு போட்டிருந்தால் வள்ளம் பிளந்திருக்கும். மெல்லப் பின்வாங்கி நங்கூரத்தைப் போட்டார்.

"நீ இதெல்லாம் கேட்டுக்கிட்டா இருந்த?"

"கேக்காம? தெனம் சோத்தோட சேத்து அதத்தானே எனக்குப் போட்டீக."

அலையில் வள்ளம் ஆடியது. அவள் தூக்குவாளியைத் திறந்து, புளிச்சோற்றை உருட்டி அவர் கையில் வைத்தாள்.

"ம், சொல்லுங்க. பெறகு?"

அவர் பழைய கடல் கதையைச் சொல்லத் தொடங்கினார். கதை பாதியில் இருக்கும்போது, தூரத்தில் பெத்தனின் படகுச் சத்தம் கேட்டது.

"அதுக்குள்ள வந்துட்டானா?" என்றாள் அகிலாண்டேஸ்வரி.