ஒரு அப்பிளும் தொட்டிக்குள் போகாது

ஒஸ்லோவில், ரொம்மன் பகுதியில் அந்த வீட்டைப் பார்க்கப் போன அன்று நான் வீட்டைச் சரியாகப் பார்க்கவே இல்லை. என் கணவர் சுவர்களைத் தட்டிப் பார்த்தார், நிலக்கீழ் அறையில் ஈரம் இருக்கிறதா என்று மூலை மூலையாக மணந்து பார்த்தார். நான் வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் நின்ற அப்பிள் மரத்தின் கீழேயே நின்றுவிட்டேன். புருசெத்தில் ஆறாம் மாடியில் பல வருடம் குடியிருந்தவளுக்குக் கையை நீட்டினால் காய் என்பது சின்ன விஷயம் இல்லை. இந்த மரம் எனக்கு என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். வங்கிக்காரர்கள் அதற்குப் பிறகுதான் முடிவு செய்தார்கள்.

அவருக்கும் அந்த மரத்தின் மேல் ஒரு கண் இருந்தது, வேறு விதமாக. அவர் டாக்ஸி ஓட்டுகிறவர், விடிய முதல் வேலைக்குப் போகிறவர். குளிர்காலத்தில் இருட்டோடு எழும்பி, தெருவோரம் நிற்கும் காரைப் பனிக்குள் இருந்து தோண்டி எடுப்பார். தோண்டி முடிகிற நேரம் பார்த்து நகரசபையின் வண்டி வந்து தெருப் பனியை எல்லாம் எங்கள் வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகும். அதையும் வழித்துவிட்டுத்தான் முதல் சவாரி. அவருடைய முதுகு எப்போதோ கையை விரித்துவிட்டது. மரம் நிற்கிற இடத்தில் ஒரு கொட்டகை போட்டால் காரை உள்ளே விடலாம் என்பது அவர் திட்டம். நியாயமான திட்டம். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. நியாயமில்லாத திட்டம் என்றால் ஒரு சொல்லில் முடித்திருப்பேன்.

குடிபோன முதல் இலையுதிர்காலம் சாமான் பிரிக்கவே போய்விட்டது. அப்பிள்கள் விழுந்து அழுகின, குளவி வந்தது, மகளுக்குக் குத்தியது. அழுகினதை எல்லாம் அவர்தான் அள்ளிக் குப்பைத் தொட்டியில் போட்டார். அடுத்த வருடம் மரம் போதும் போதும் என்கிற அளவுக்குக் காய்த்தது. கிளைகள் நிலத்தைத் தொட்டன. ஆகஸ்ட் மாதம் ஒரு மாலை அவர் மரத்தின் கீழே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"போன வருசம் தொட்டி தொட்டியா எறிஞ்சனாங்கள். இந்த முறையும் அப்பிடியெண்டால் நான் ஆளைக் கூப்பிட்டு வெட்டுவிப்பன். பிறகு என்னோடை சண்டைக்கு வரக்கூடாது."

"இந்த முறை ஒரு அப்பிளும் எங்கடை தொட்டிக்குள்ளை போகாது. போனால் நானே ஆளைக் கூப்பிடுறன்" என்றேன்.

தோலும் விதையும் கணக்கில் வராது என்று பேசிக்கொண்டோம். தவணை, முதற்பனி வரைக்கும். அதற்குப் பிறகு நிலம் இறுகிவிடும், வேரைக் கிளப்ப முடியாது. சரி என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒன்றே போதும், நான் விட்டுக்கொடுக்காமல் இருக்க.

எனக்குப் பெரிய அளவு என்றால் பயமில்லை. அந்த நாட்களில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தேன். கிழங்கு மூட்டை மூட்டையாக உரிப்பதும் அண்டா அண்டாவாகக் கிண்டுவதும் எனக்குத் தினசரி வேலை. வேலியின் மற்றப் பக்கத்து நோர்வேக்காரி, ஓய்வுபெற்ற தபால்காரி, ஏணியும் தந்து ஒரு விசித்திரமான அடுக்குப் பாத்திரமும் தந்தாள். கீழே தண்ணீர் கொதிக்க, மேலே அப்பிள் ஆவியில் வெந்து, நடுத்தட்டில் சாறு இறங்கும். அதை எப்படிப் பாவிப்பது என்று விளக்கத் தொடங்கினாள். புட்டு அவிக்கிறவளுக்கு இதற்கெல்லாம் விளக்கம் வேண்டுமா? அன்றே பத்துப் போத்தல் சாறு இறக்கி அவளுக்கும் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துப் பார்த்துவிட்டு, ஏன் இஞ்சி போட்டாய் என்று கேட்டாள். நீ ஏன் போடவில்லை என்று கேட்டேன். அதற்குப் பிறகு நல்ல ஒட்டாகிவிட்டோம்.

சாறு, பிறகு ஏலக்காய் போட்ட ஜாம். புளிப்புக் காய்களை மாங்காய் என்றே வைத்துக்கொண்டு சம்பல் போட்டேன், தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் தரமும் கறி போட்டுக்கொண்டார். ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொள்வதுதான் அவருடைய நற்சான்றிதழ்.

பிறகு ஊறுகாய். உப்பில் ஊறிய துண்டுகளை வெயிலில் காயவைக்க வேண்டும். செப்டம்பர் மாதத்து ஒஸ்லோ வெயிலில் துவாயே காயாது. யோசித்துப் பார்த்தேன். எங்கள் குளியலறை நிலத்துக்கு அடியில் சூட்டுக் கம்பி ஓடுகிறது, வெறுங்காலோடு நின்றால் வெதுவெதுவென்று இருக்கும். நிலம் முழுவதும் வெள்ளைத் துணி விரித்து, துண்டுகளைப் பரப்பி, சூட்டைக் கூட்டிவிட்டேன். கதவில் இருந்து குளிக்கும் கண்ணாடிக் கூண்டு வரைக்கும் ஒற்றையடிப் பாதை ஒன்று மட்டும் விட்டேன். வேலையால் வந்தவர் கதவைத் திறந்து அப்படியே நின்றார். கால் எங்கே வைப்பது என்று கேட்டார். பாதை இருக்கிறதே என்றேன். நான்கு நாள் அந்த வீட்டில் எல்லோரும் கோயில் சுற்றுகிற மாதிரிப் பயபக்தியோடு குளித்தார்கள். ஊறுகாய் என்னவோ நல்லாகத்தான் வந்தது.

இவ்வளவு செய்தும் மரம் குறையவில்லை. மிச்சத்தை உருட்டிக்கொண்டு போகும் சில்லுப் பையில் நிரப்பி பஸ் ஏறிப் புருசெத் போனேன். அங்கே எங்கள் பழைய அயல்வீட்டு அக்கா இருக்கிறார், மட்டக்களப்பார். கதவைத் திறந்தவருக்கு அப்பிள் பையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"என்னகா, ஆருக்கு வருத்தம்?"

எங்கள் ஆட்களுக்கு அப்பிள் என்றால் ஆஸ்பத்திரிதான். ஊரில் இருந்த காலத்தில் நாங்கள் நோயாளியின் தலைமாட்டில்தான் அதைக் கண்டிருக்கிறோம். ஒருவருக்கும் வருத்தமில்லை, மரத்துக்குத்தான் ஆபத்து என்று கதை முழுவதையும் சொன்னேன். அக்கா சிரித்த சிரிப்பில் கீழ்மாடியில் இருந்தவர்களும் வந்துவிட்டார்கள். பையை என்னிடம் இருந்து வாங்கி, வீடு வீடாகப் பங்கு பிரிக்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். ஜாம் போத்தல்களும் போயின.

அதோடு விஷயம் ஊர் முழுக்கப் பரவியது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால், என் கணவரைக் கண்டவர்கள் முதல் கேள்வியாக மரம் நிற்குதோ என்று கேட்டார்கள். சிலர் மிகவும் கவலையோடு கேட்டார்கள். அவர் நிற்குது, நிற்குது என்று சொல்லிக்கொண்டே செருப்புத் தேடுவார்.

போன போத்தல்கள் திரும்பியும் வந்தன. எங்கள் சனம் வெறும் போத்தலைத் திருப்பித் தர மாட்டார்கள், அது மரியாதை இல்லை. ஒன்றில் இடிசம்பல் வந்தது, ஒன்றில் பயற்றம் பணியாரம். ஒரு போத்தலில் அப்பிள் ஜாமே வந்தது. அந்த வீட்டுக்காரருக்கு லில்லெஸ்ட்ரோமில் ஒரு மைத்துனர், அவர் வளவிலும் ஒரு மரமாம். அந்த ஜாமைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலையைப் பார்த்து என் கணவர் வயிறு வலிக்கச் சிரித்தார். அன்று இரவே பிள்ளைகளுக்குப் பாணில் தடித்த பூச்சாகப் பூசிக் கொடுத்து அதையும் முடித்துவிட்டேன்.

கடைசியாகப் பறித்த காய்கள் நிலக்கீழ் அறைக்குப் போயின. ஒன்றோடொன்று முட்டாமல் பத்திரிகைத் தாளில் அடுக்கவேண்டும், ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடும் என்று தபால்காரி சொல்லியிருந்தாள். தட்டுகள் நிறையும் வரைக்கும் அப்படித்தான் அடுக்கினேன். பிறகு இடம் இல்லை. கடைசிப் பெட்டியில் மிச்சத்தைக் குவித்துக் கொட்டி மூடினேன். தட்டில் இருந்தவை ஒக்டோபர் முடியும்போது சமைத்தும் கொடுத்தும் முடிந்தன. அந்த ஒரு பெட்டி மட்டும் மிச்சம்.

அப்போதுதான் கந்தசஷ்டி வந்தது. அவர் ஒவ்வொரு வருடமும் ஆறு நாளும் விரதம் பிடிக்கிறவர். பகல் முழுவதும் வெறும் வயிற்றோடு டாக்ஸி ஓட்டிவிட்டு, மாலையில் பாலும் பழமும் மட்டும். வழக்கமாக வாழைப்பழமும் முந்திரிகைப் பழமும் வாங்கி வருவார். இந்த முறை நான் வழியை மறித்தேன். வீட்டில் பழம் இருக்கும்போது கடைக்குப் போகிறது என்ன நியாயம் என்று கேட்டேன். அவர் மறுத்துக் கதைக்கவில்லை. வேலையால் வந்து முழுகி, விளக்கு வைத்து, ஒரு சின்னக் கத்தியும் தட்டும் எடுத்துக்கொண்டு தானே நிலக்கீழ் அறைக்குப் போவார். அங்கேயே இருந்து சாப்பிட்டுவிட்டுப் பால் குடிக்க மேலே வருவார். கீழே அமைதியாக இருக்கிறது என்று சொன்னார். விரதகாரரை நான் ஏன் குழப்ப வேண்டும்?

எனக்கு உள்ளுக்குள் பெருமை பிடிபடவில்லை. எந்த மரத்தை வெட்டவேண்டும் என்றாரோ, அந்த மரம் அவருக்கு ஆறு நாளும் சோறு போடுகிறது. அக்காவுக்குத் தொலைபேசியில் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். ஆறாம் நாள், சூரன்போர் அன்று, கோயிலால் வந்ததும் வெறும் பெட்டியை மேலே கொண்டுவந்து, துடைத்து, கவிழ்த்து வைத்தார். முடிந்தது என்றார். ஆள் மெலிந்து, கண் உள்ளே போயிருந்தது. நான் அதைப் பார்த்தேனோ தெரியாது, பெட்டியைத்தான் பார்த்தேன். நிலம் இன்னும் கறுப்பாகத்தான் கிடந்தது, ஒரு பொட்டுப் பனி இல்லை. வென்றுவிட்டேன் என்று சமையலறையில் நின்று சத்தமாகவே சொன்னேன். சரி, மரம் நிற்கட்டும் என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் பாறணை. விரதம் முடிக்கிறவருக்கு விடியவே எழும்பி மரக்கறி பலவகை சமைத்தேன். அவர் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். அக்காவிடம் இரவல் வாங்கிய பெரிய சட்டியைக் காரில் வைக்கலாம் என்று திறப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பின்பெட்டியைத் திறந்தேன். முகத்தில் அடித்த மாதிரி ஒரு புளித்த வாடை. இழுவைக் கயிற்றுக்குப் பின்னால் இறுக்கி முடிந்த கடைப் பை ஒன்று. அவிழ்த்தேன்.

உள்ளே அழுகின அப்பிள். சில முழுதாகவே சேறாகிப் போனவை. அதிகமானவை பாதிகள், கால்கள். நல்ல பக்கத்தைக் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டு, பழுதான பக்கம் மட்டும் பைக்குள் கிடந்தது. நான் குவித்துக் கொட்டிய பெட்டி அடியில் இருந்து அழுகிக்கொண்டு வந்திருக்கிறது. முதல் நாளே கண்டிருப்பார். ஒரு அழுகலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்திருந்தால் போதும், மரமும் போயிருக்கும், கொட்டகையும் வந்திருக்கும். அதற்குப் பதிலாக இந்த மனிசன் நாள் முழுக்கப் பட்டினி கிடந்துவிட்டு, நிலத்துக்குக் கீழே தனியாக இருந்து, அழுகலுக்குள் நல்லது தேடித் தின்றிருக்கிறார். மிச்சத்தை எங்கள் தொட்டியில் போடாமல் காருக்குள் ஒளித்து, வாடையோடு சவாரி ஓடியிருக்கிறார்.

எனக்கு அழுகை வந்தது. அவர் மேல் கோபமும் வந்தது, என்னை ஏன் வெல்லவிட்டார் என்று. பின்பெட்டியைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுச் சட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். சொன்ன சொல்லின்படி நான் ஆளைக் கூப்பிடவேண்டும். ஆனால் கூப்பிட்டால், அவர் ஆறு நாளும் தின்றது எதற்காக? அன்று முழுவதும் அதையே யோசித்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன். அடுத்த நாள் அந்தப் பை காரில் இல்லை.

இரண்டு மூன்று நாளில் பனி வந்தது. விடிய முதல் வாசலில் பனி வழிக்கும் சவள் உரசுகிற சத்தம் கேட்டு விழித்தேன். ஒரு தரம் உரசும், பிறகு நிற்கும். முதுகை நிமிர்த்துகிறார் என்று தெரிந்தது. முன்பும் எத்தனையோ காலை அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்திருக்கிறேன். சப்பாத்தையும் ஜாக்கெட்டையும் மாட்டிக்கொண்டு வெளியே போய், அவர் கையில் இருந்த சவளைப் பிடித்தேன்.

"என்ன, இந்த நேரத்திலை?"

"பையைக் கண்டனான்" என்றேன்.

அவர் காரைப் பார்த்தார், பிறகு மரத்தைப் பார்த்தார். "எங்கடை தொட்டிக்குள்ளை ஒண்டும் போகேல்லைத்தானே" என்றார்.

"விடுங்கோ சவளை. மரம் எனக்கெண்டால் பனியும் எனக்குத்தான்."

கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு விட்டார். நான் வாசலில் இருந்து தெரு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். பெரிய சட்டி கிண்டிப் பழகிய கை, எனக்கு அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. அவர் பக்கத்தில் நின்று கார்க் கண்ணாடியில் இருந்த பனியைச் சுரண்டினார். கார் புறப்பட்டுப் போனதும் நகரசபையின் வண்டி வந்து எல்லாவற்றையும் மறுபடி வாசலில் ஒதுக்கியது. அதையும் நானே வழித்தேன்.